ஐஸ் பெட்டியில் மலையேறும் மூட்டு ஊசி

கேள்வி: கோத்தகிரி பக்கம் முப்பது வருஷம் கொழுந்து பறித்த என் அம்மாவுக்கு (61) இரண்டு முழங்காலிலும் ஜவ்வு தேய்மானம். கோவையில் ஒரு கிளினிக்கில், 'எக்ஸோசோம் ஊசி போட்டால் ஜவ்வு திரும்ப வளரும். ஐஸ் பெட்டியில் தருகிறோம், உங்கள் ஊர் டாக்டரிடமே போட்டுக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். ரத்தத்தில் எக்ஸோசோம் பார்த்துப் புற்றுநோயையும் கண்டுபிடித்துவிடலாமாம். நம்பலாமா?

பதில்: ஊசி இப்போதைக்கு வேண்டாம். ஐஸ் பெட்டி எப்போதுமே வேண்டாம்.

எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே தள்ளும் நுண்ணிய கொழுப்புப் பை. அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். உள்ளே புரதமும் ஆர்.என்.ஏ.வும் இருக்கும். ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்பும் வழிகளில் இதுவும் ஒன்று. ஸ்டெம் செல்லிலிருந்து (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) எடுத்த பைகள் விலங்குகளின் மூட்டில் வீக்கத்தைக் குறைத்திருக்கின்றன. அந்த நம்பிக்கை நியாயமானதுதான். ஆனால் மனிதருக்கு ஜவ்வு வளர்ந்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. இந்தியாவில் மூட்டுத் தேய்மானத்துக்கு அனுமதி பெற்ற எக்ஸோசோம் ஊசி எதுவும் கிடையாது. ஸ்டெம் செல் தயாரிப்புக்குக் கிடைத்த அனுமதியைக் காட்டி இதை விற்பார்கள். அது உயிருள்ள செல், இது வேறு சரக்கு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும், எக்ஸோசோம் போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்த பிறகு, 2019 டிசம்பரில் பொது எச்சரிக்கை விடுத்தது.

அடுத்தது குளிர். இந்தத் திரவத்தை மைனஸ் 80 டிகிரியில் வைப்பதுதான் ஆய்வக வழக்கம். சாதா ஐஸ் பூஜ்ஜியம் டிகிரி. டிரை ஐஸ்தான் மைனஸ் 78-ஐ ஒட்டி நிற்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருவதற்குள் மருந்து உருகிவிடும். அதை ஃப்ரீசரில் வைத்து மறுபடி உறைய வைத்தால் பைகள் உடையும், ஒன்றோடொன்று திரளும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் வம்பு. உலர்ந்த பொடியாக வரும் புட்டிகளைச் சாதாரணக் குளிரில் வைக்கலாம்தான். ஆனால் அவற்றில் பல, முகத்தில் பூசுகிற அழகுப் பொருட்கள். லேபிளில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

'ஒரு புட்டியில் ஆயிரம் கோடி எக்ஸோசோம்' என்ற கணக்கிலும் மயங்க வேண்டாம். எண்ணும் கருவி, துகளில் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்த்து எண்ணுகிறது. அது எக்ஸோசோமா, செல் வளர்க்க ஊற்றிய மாட்டுச் சீரத்திலிருந்து (ரத்தத்தின் தெளிநீர்) வந்த துகளா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் சி.டி.9, சி.டி.63, சி.டி.81 போன்ற அடையாளப் புரதங்களையும் சோதிப்பது வழக்கம். எந்தச் செல்லிலிருந்து எடுத்தது, பேட்ச் எண் என்ன, அந்தப் பேட்ச்சுக்குக் கிருமியின்மை, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு), மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் புகும் நுண்கிருமி) அறிக்கைகள் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

'இது ஆராய்ச்சி' என்று சொன்னால் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். ஒப்புதல் படிவம் அம்மாவுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். ஆராய்ச்சி மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

புற்றுநோய் விஷயம்: சிகிச்சையைவிட நோயறிதலில்தான் எக்ஸோசோம் ஒரு படி முன்னே போயிருக்கிறது. 50 வயதைத் தாண்டிய, பி.எஸ்.ஏ. (ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் சுரப்பிப் புரதம்) அளவு 2-க்கும் 10-க்கும் நடுவே உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட்டிலிருந்து சதைத் துணுக்கு எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும், எக்ஸோசோம் பார்க்கும் சிறுநீர்ச் சோதனை அமெரிக்காவில் புழக்கத்தில் உள்ளது. கேள்வி குறுகலாக இருப்பதால்தான் அது பயன்படுகிறது. ஒரு குழாய் ரத்தத்தில் எல்லாப் புற்றுநோயும் தெரியும் என்பது வேறு கதை. எடுத்த ரத்தத்தைச் சும்மா வைத்திருந்தாலே அதிலுள்ள தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்கள்) புதிதாகப் பைகளை உதிர்க்கும். முடிவு தடம் மாறும்.

அம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டியது: நின்ற நிலையில் முழங்கால் எக்ஸ்-ரே. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி 5 நொடி நிறுத்தி இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, காலையும் மாலையும். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறையும். சரிவில் இறங்கும்போதுதான் மூட்டு அதிகம் அடிபடுகிறது. வலி கூடுதலான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் கோல் பிடிக்கச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். இதற்கும் அடங்காத வலி என்றால், எலும்பு மருத்துவரிடம் மூட்டு மாற்று பற்றிப் பேசலாம்.

ஒருவேளை ஊசி ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால்: மூட்டு சிவந்து சுட்டு வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்ற முடியாமல் போனாலோ, மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சீழ் பிடித்தால் மிச்சமிருக்கும் ஜவ்வும் சில நாட்களிலேயே கரைந்துவிடும். காலிப் புட்டியையும் லேபிளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.