வைரஸ வச்சு கேன்சர அழிக்க முடியுமா?

கேள்வி: வைரஸ ஊசியா போட்டு கேன்சர குணப்படுத்துறாங்கன்னு வீடியோ பாத்தேன், எங்கம்மாவுக்கு இப்ப கீமோ போயிட்டிருக்கு, இது நெஜமா இல்ல சும்மா கிளப்பி விடுறாங்களா? வைரஸ் நல்ல செல்லையும் சேத்து அழிச்சிடாதா?

பதில்: நெஜம்தாங்க. 2015லயே அமெரிக்காவுல அனுமதி குடுத்துட்டாங்க, டி-வெக்னு பேரு, மெலனோமாங்கற தோல் கேன்சருக்கு. உதட்டோரம் கொப்பளம் வருமே, அதே ஹெர்பீஸ் வைரஸ்தான், மாத்தி செஞ்சது.

பொதுவா வைரஸ் உள்ள நுழைஞ்சா நம்ம செல் புரோட்டீன் தயாரிக்கறதையே நிப்பாட்டிடும், தான் செத்தாலும் பரவால்ல இது பெருகக் கூடாதுன்னு. அத முறியடிக்க ஹெர்பீஸ்கிட்ட ஒரு ஜீன் இருக்கு, அத வெட்டி எடுத்துட்டாங்க, அதனால நல்ல செல்லுக்குள்ள போனா பெருக முடியாம அடங்கிடும். கேன்சர் செல்லுல பல சமயம் இந்தத் தடுப்பே பழுதாகிக் கெடக்கும், அங்க மட்டும் வைரஸ் பெருகி பெருகி செல்ல வெடிக்க வச்சிடும். எனக்குப் பெருசா படறது அதுக்கப்புறம் நடக்கறதுதான். எதிர்ப்பு செல்கள கூப்பிடற ஒரு மனுஷ ஜீனையும் அந்த வைரஸ்ல சேத்து வச்சிருக்காங்க, செல் வெடிச்சு சிதறினதும் அதுங்க ஓடி வந்து கட்டியோட அடையாளத்த கத்துக்கும், அப்புறம் ஊசி போடாத கட்டி கூட சிலருக்கு சுருங்கியிருக்கு.

ஆனா எல்லாருக்கும் இல்ல. 436 பேர வச்சு பண்ண சோதனையில, ஆறு மாசத்துக்கு மேல நின்ன பலன் 16.3 சதவீதம் பேருக்குத்தான், ஒப்பிட்டுப் பாத்த மருந்துல 2.1 சதவீதம். ஊசிய நேரா கட்டியிலயே குத்தணும், அதனால ஆழத்துல இருக்கற கட்டிக்கு கஷ்டம், எதிர்ப்பு சக்தி ரொம்ப கொறஞ்சவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போடவே மாட்டாங்க. ஜப்பான்ல 2021ல மூளைக் கட்டிக்கான இதே மாதிரி ஒரு வைரஸ் மருந்துக்கு நிபந்தனையோட அனுமதி குடுத்திருக்காங்க.

அம்மாவுக்கு எந்த எடத்து கேன்சர்னு நீங்க எழுதல, அதனால சரி வரும் வராதுன்னு என்னால சொல்ல முடியாது, டாக்டர்கிட்ட இந்த மருந்தோட பேரச் சொல்லியே கேளுங்க, ஆனா அந்த வீடியோவ நம்பி மட்டும் தயவுசெஞ்சு கீமோவ நிறுத்திடாதீங்க.

கேள்வி: உள்ள போட்ட வைரஸ் கட்டுப்பாடு இல்லாம பரவிட்டா?

பதில்: காய்ச்சல், குளிர், அசதி நெறைய பேருக்கு வரும். மொத ஊசிய கொறஞ்ச அளவுல போட்டு, மூணு வாரம் கழிச்சுத்தான் அதவிட நூறு மடங்கு வீரியமானத போடுவாங்க. ஒருவேளை பரவினாலும், ஹெர்பீஸுக்கு வழக்கமா குடுக்கற அசைக்ளோவிர் மருந்து இதுக்கும் கேக்கும், அந்த மருந்து வேலை செய்யத் தேவையான வேற ஒரு ஜீன வேணும்னே வெட்டாம விட்டிருக்காங்க.