‘ரொக்கத்துக்கு மட்டும்’ என்று விற்கப்படும் கடலோர வீடுகள்

கேள்வி: நானும் மனைவியும் நெடுங்காலமாக இல்ஃபோர்டில் இருக்கிறோம். இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். இனிக் கடலோரத்தில் போய் இருக்கலாம் என்று ஆசை. ஈஸ்ட்போர்னில், 1960-களில் கட்டிய ஒரு தொகுதியில், கடலைப் பார்த்தபடி ஐந்தாம் மாடியில் பிளாட் ஒன்று 235,000 பவுண்டுக்கு வந்திருக்கிறது. லீஸில் மீதி 76 ஆண்டு. ரொக்கமாக வாங்குபவருக்கு மட்டும்தான் என்கிறார்கள். எங்களிடம் சேமிப்பு இருக்கிறது, இல்ஃபோர்ட் வீட்டைப் பிறகு விற்கலாம். லீஸை நீட்டுவது இப்போது சுலபம், சட்டம் மாறிவிட்டது என்று ஏஜென்ட் சொல்கிறார். என் மைத்துனரோ இதில் மூன்றில் ஒரு பங்கு பணத்துக்குக் கடற்கரை விடுமுறைப் பூங்காவில் நல்ல லாட்ஜே (நகர்த்தக்கூடிய சிறு வீடு) வாங்கலாம் என்கிறார். மனைவிக்கு முழங்கால் வலி. எதை வாங்குவது?

பதில்: ஐயா, லாட்ஜ் வேண்டவே வேண்டாம். பிளாட்டை, நான் கீழே சொல்லும் காகிதங்கள் கைக்கு வந்து, அவை ஒழுங்காகவும் இருந்து, விலையும் இறங்கினால் யோசிக்கலாம். ஊரைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஈஸ்ட்போர்ன் கடற்கரைச் சாலை பெரும்பாலும் சமதளம். ஹேஸ்டிங்ஸ் போல மேடும் படிக்கட்டுமாக இருக்கும் ஊரைவிட முழங்கால் வலிக்காரருக்கு இது எவ்வளவோ மேல். ரயிலில் லண்டன் விக்டோரியாவுக்கு ஒன்றரை மணி நேரம். கவலை ஊரில் இல்லை, ‘ரொக்கத்துக்கு மட்டும்’ என்ற அந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறது.

ஒரு வங்கி கடன் கொடுத்தால், தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளவாவது லீஸ் எத்தனை வருடம், கட்டடம் எப்படி, வெளிச்சுவர் தீப்பிடிக்குமா என்று கேட்கும். வங்கி ஒதுங்கும் சொத்தைத்தான் ரொக்கக்காரர்களிடம் தள்ளுகிறார்கள். கேள்வி கேட்க ஆள் இல்லை என்பதால் உங்களைப் போல உழைத்துச் சேர்த்தவர்களை ஏஜென்ட்டுகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆகவே அந்த வங்கி கேட்டிருக்கக்கூடிய எல்லாவற்றையும் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முதலில் லீஸ். பிளாட்டை வாங்கினாலும் நிலம் வேறொருவருடையது, லீஸில் எழுதிய ஆண்டுகள் வரைதான் பிளாட் உங்களுடையது. ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. வாங்கி 2 ஆண்டு காத்திருந்த பிறகுதான் லீஸை நீட்டக் கேட்கலாம் என்ற விதி 2025 ஜனவரி 31-ல் போய்விட்டது. அது நல்லதுதான். ஆனால் லீஸ் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிய பிளாட்டில், நீட்டுவதால் கூடும் மதிப்பில் பாதியை நில உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அதை ஒழிக்கும் பிரிவு 2024-ன் லீஸ் சீர்திருத்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தும், நான் இதை எழுதும்போது அமலுக்கு வரவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றி, மன்னர் ஒப்பமிட்டு, செய்தித்தாளில் எல்லாம் வந்தாயிற்று, அலமாரியில் கிடக்கிறது. இடையில் ஒவ்வொரு வருடமும் உங்கள் லீஸில் ஒரு வருடம் தேய்கிறது. உங்கள் 76 ஆண்டுக்கு அந்தப் பாதி மதிப்பையும், உங்கள் வக்கீல் செலவையும், நில உரிமையாளரின் வக்கீல் செலவையும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டும். மொத்தம் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அந்தத் தொகையை லீஸ் மதிப்பீடு செய்யும் ஒருவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். கழிக்க மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.

அடுத்தது உப்பு. நான் கட்டட சர்வேயர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும், அதனால் மேலே இருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். பிளாட்டுக்குள் நின்று கடலைப் பார்த்தால் இது தெரியாது. கீழே தெருவுக்கு இறங்கி, மேலே இருக்கும் பால்கனிகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். விளிம்பில் பழுப்பு நிறத்தில் கோடு ஒழுகியிருக்கிறதா? பெயின்ட் கொப்புளம் கட்டியிருக்கிறதா? ஒரு சதுரம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளிறி, புதிதாகப் பூசியதுபோல இருக்கிறதா? அப்படி ஓரிடத்தில் பூசியிருந்தால் மற்ற இடங்களும் வரிசையில் நிற்கின்றன. பிறகு பிளாட்டுக்குள் வந்து எல்லா ஜன்னலையும் முழுவதும் திறந்து மூடுங்கள். கீல்கள் துருப்பிடித்துக் கரகரவென்றால் ஜன்னல் மாற்றும் செலவு வருகிறது என்று அர்த்தம். லீஸைப் பொறுத்து அது உங்கள் செலவா, எல்லாருடைய செலவா என்பது மாறும்.

வெளிச்சுவர், கூரை, பால்கனி எல்லாவற்றையும் நில உரிமையாளர் பழுது பார்ப்பார், பணத்தை எல்லா பிளாட்காரர்களும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான லீஸ். 40 பிளாட் உள்ள கட்டடத்தில் சாரம் கட்டி 800,000 பவுண்டுக்கு வேலை நடந்தால் ஆளுக்கு 20,000. ஓய்வூதியக்காரருக்கு இது சின்ன அடி இல்லை. ஒருவருக்கு 250 பவுண்டுக்கு மேல் வரும் வேலைக்கு முன்கூட்டியே ‘பிரிவு 20’ நோட்டீஸ் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும். ஆனால் கருத்துக் கேட்பார்கள், அவ்வளவுதான். வேண்டாம் என்று தடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அந்த 250-ஐ 2003-ல் வைத்தார்கள், இன்னும் யாரும் தொடவில்லை.

ஆகவே நிர்வாக நிறுவனத்திடமிருந்து வர வேண்டியவை: கடைசி 3 ஆண்டு சர்வீஸ் சார்ஜ் கணக்கு, பெரிய பழுதுகளுக்கென்று சேர்த்து வைக்கும் சேமநிதியில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்ற கடிதம், பிரிவு 20 நோட்டீஸ் ஏதும் போயிருக்கிறதா, அடுத்த சில ஆண்டுகளுக்குத் திட்டமிட்ட வேலைகள் என்னென்ன, கட்டடக் காப்புறுதிப் பத்திரம், வெளிச்சுவரின் தீ பாதுகாப்பு அறிக்கை. ஐந்தாம் மாடிக்குக் கடல் ஏறி வராது. ஆனால் லிஃப்ட் இயந்திரமும் மின்சாரப் பெட்டியும் நிலவறையில் இருந்து அங்கே தண்ணீர் வந்தால் உங்கள் மனைவிக்கு ஐந்து மாடி நடைதான். அதையும் கேளுங்கள்.

இந்தக் காகிதங்களை முதல் நாளே தரச் சொல்லிச் சட்டம் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். ஸ்காட்லாந்தில் 2008-லிருந்து வீட்டை விற்பனைக்குப் போடும்போதே விற்பவர் சர்வேயரின் அறிக்கையைத் தர வேண்டும். இங்கிலாந்திலும் 2007-ல் விற்பவரே தகவல் தொகுப்புத் தரும் முறையைக் கொண்டுவந்து, 2010-ல் நிறுத்திவிட்டார்கள். அதனால் இங்கே நீங்கள் விலை பேசி, சொலிசிட்டருக்குப் பணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் கூரை ஒழுகுகிறது என்று தெரியவரும். எத்தனை குடும்பங்கள் அந்தக் கட்டத்தில் ‘இவ்வளவு செலவு செய்துவிட்டோமே’ என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகின்றன! அப்படிப் போடாதீர்கள். ஒப்பந்தம் பரிமாறும் நிமிடம் வரை விலகலாம். சொலிசிட்டரையும் ஏஜென்ட் கைகாட்டினார் என்பதற்காக எடுக்க வேண்டாம். அந்தக் கைகாட்டலுக்குப் பல நேரம் கமிஷன் உண்டு. ‘நம்ம ஆள்’ என்று யாராவது நடுவில் வந்தால், ‘உங்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?’ என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். ‘முன்பதிவுக் கட்டணம்’ கட்டும் ஏல முறையில் விற்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பல ஆயிரம் பவுண்டு, விலைக்கு மேல், திரும்பி வராது.

கடலை ஒட்டிய முன்வரிசைப் பிளாட்டில் நான் தயங்காமல் சரி என்று சொல்லும் ஒரு வகை உண்டு. பழைய பெரிய வீட்டை நான்கு பிளாட்டாகப் பிரித்து, அந்த நால்வருமே சேர்ந்து நிலத்தையும் சொந்தமாக வைத்திருப்பது. நில உரிமையில் பங்கு என்று விளம்பரத்தில் போடுவார்கள். இங்கே லீஸை உங்களுக்குள்ளேயே 999 ஆண்டுக்கு நீட்டிக்கொள்ளலாம், லாபம் பார்க்கும் நில உரிமையாளர் இல்லை, யார் வேலை செய்வது என்று நீங்களே முடிவு செய்யலாம். ஆனால் இதிலும் ஒரு நிபந்தனை, அதை அழுத்திச் சொல்கிறேன்: மற்ற மூவரிடமும் பணம் இருக்க வேண்டும், கொடுக்கும் மனமும் இருக்க வேண்டும். கூரைக்கு 40,000 பவுண்டு என்றால் ஆளுக்கு 10,000. மேல் மாடிக்காரருக்கு அவசரம், ஒழுகுவது அவர் தலையில். கீழ்த்தளத்துக்காரர் ‘எனக்கு ஒழுகவில்லையே’ என்பார். மூன்றாமவர் வாடகைக்கு விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பார், மின்னஞ்சலுக்குப் பதில் வராது. சாரம் ஏறவே ஏறாது. எனவே அந்த நால்வரின் நிறுவனத்துக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்கிறதா, மாதாமாதம் அதில் பணம் போடுகிறார்களா, கடைசியாக எப்போது வெளியே பெயின்ட் அடித்தார்கள் என்று கேளுங்கள். பிறகு ஒரு மாலை போய், மற்ற மூன்று கதவையும் தட்டிப் பேசுங்கள். கதவைத் திறந்து பேசுகிறவர்கள் என்றால் வாங்கலாம். ‘அந்த ஆளோடு பேச்சுவார்த்தை இல்லை’ என்று யாராவது ஒருவர் சொன்னாலும் வேண்டாம்.

மைத்துனர் சொன்ன லாட்ஜ். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அங்கே நீங்கள் வாங்குவது சக்கரத்தின் மேல் நிற்கும் பெட்டியைத்தான், நிலத்தை அல்ல. நிலம் பூங்காக்காரருடையது. அதற்கு ஆண்டு வாடகை, அவர் ஏற்றினால் ஏற்றியதுதான். அனுமதி இத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கும், முடிந்தால் பெட்டியை அகற்ற வேண்டியதுதான். ‘12 மாதமும் திறந்திருக்கும்’ என்று விற்பனைக்காரர் சொல்வார். அது விடுமுறைக்கு வந்துபோக, குடியிருக்க அல்ல. ஒப்பந்தத்தில் வேறொரு முகவரியின் கவுன்சில் டாக்ஸ் பில்லைக் காட்டச் சொல்வார்கள். இல்ஃபோர்டை விற்றுவிட்டு அங்கே போனால் காட்ட உங்களிடம் பில் இருக்காது. டாக்டரிடம் பதிய, ஓய்வூதியக் கடிதம் வர எந்த முகவரியைக் கொடுப்பீர்கள்? அந்தப் பூங்காவின் அனுமதி குடியிருப்புக்கா, விடுமுறைக்கா என்று உள்ளூர் கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள். விற்பனைக்காரர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கிழக்குக் கரையில் மலிவாக வரும் பங்களாக்களுக்கும் இதே எச்சரிக்கை. நார்ஃபோக்கின் ஹெம்ஸ்பியில் 2018-லும் 2023-லும் மணல்மேடு சரிந்து, வீடுகளை இடிக்க வேண்டியதாயிற்று. கடலரிப்பில் வீடு போனால் சாதாரண வீட்டுக் காப்புறுதி தராது, இங்கிலாந்தில் அரசு நஷ்டஈடும் கிடையாது. இடிக்கும் செலவுக்கு 6,000 பவுண்டு வரை உதவி, அவ்வளவுதான். எந்தக் கரையை இனியும் காப்பார்கள், எதைக் கைவிடுவார்கள் என்பது சுற்றுச்சூழல் முகமையின் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. விற்பவரின் ஏஜென்ட் வாயிலிருந்து அது வராது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் கடலிலிருந்து பத்து நிமிட நடையில், ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில், நிலத்தோடு சொந்தமாகும் சிறு செங்கல் வீடு தேடுவேன். கொஞ்சம் அதிகமாகப் பணம் போட வேண்டி வரலாம், ஆனால் லீஸும் இல்லை, நில உரிமையாளரும் இல்லை. 1981-க்கு முன் கட்டிய இரட்டைச் சுவர் வீடு என்றால், செங்கல் வரிசைகளுக்கிடையே ஆறாறு வரிசைக்கு ஒரு முறை கிடையாக விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். உள்ளே இரு சுவரையும் பிணைக்கும் இரும்புத் துண்டு துருப்பிடித்ததன் அடையாளம் அது. ஈஸ்ட்போர்னின் சவரின் ஹார்பர் துறைமுகக் குடியிருப்புப் பக்கம் போனால் சொந்த நிலமே ஆனாலும் ஆண்டுதோறும் துறைமுகக் கட்டணம் உண்டு, எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வீடானாலும் ஜனவரியில், காற்று வீசும் நாளில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மாரடைப்பு என்றால் ஆம்புலன்ஸ் எந்த மருத்துவமனைக்கு எடுத்துப் போகும் என்றும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். கடலோர ஊர்களில் நோயாளிக்கு ஏற்ற அளவு மருத்துவர்கள் இல்லை என்று 2021-ல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியே எழுதினார்.

கடைசியாக, இல்ஃபோர்டைப் ‘பிறகு விற்கலாம்’ என்கிறீர்களே, அது வேண்டாம். அந்த வீடு கையில் இருக்கும்போது 235,000-க்கு இன்னொன்று வாங்கினால் முத்திரைவரி 13,950 பவுண்டு. விற்றுவிட்டு வாங்கினால் 2,200. கூடுதலாகக் கட்டியதை 3 ஆண்டுக்குள் இல்ஃபோர்டை விற்றுத் திரும்பக் கேட்கலாம் என்பது சரி, ஆனால் அதுவரை உங்கள் 11,750 பவுண்டு அரசின் பையில் இருக்கும். இரண்டு கைமாற்றும் ஒரே நாளில் நடக்கும்படி வைத்துக்கொள்ளச் சொலிசிட்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.