4 வயதுக் குழந்தைக்கு வீட்டில் என்ன தெரபிப் பயிற்சிகள் செய்யலாம்? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

உங்கள் மகளுக்கு 4 வயது, செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் உடல் அசைவில் வரும் சிரமம்), வலது கையும் காலும் பலவீனம், பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) வாரத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கிறது, மீதி நாட்களில் வீட்டில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அவளை நேரில் பார்க்கும் தெரபிஸ்ட் சொல்வதுதான் முதலில், அதோடு சேர்த்து இதைப் படியுங்கள்.

பயிற்சி என்று தனியாக ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். அவள் எதைச் செய்ய ஆசைப்படுகிறாளோ அதையே, முழுசாக, அது வழக்கமாக நடக்கும் இடத்திலேயே செய்ய வைப்பதற்குத்தான் இன்று பலமான ஆதாரம் இருக்கிறது. பட்டன் போட வரவேண்டும் என்றால் பட்டன்தான் போட்டுப் பழக வேண்டும். விரலுக்கு வலு வந்தால் பட்டன் தானாக வந்துவிடும் என்று நம்பி மாதக்கணக்கில் களிமண் மட்டும் பிசைந்துகொண்டிருக்கும் குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அந்த நேரம் திரும்ப வராது.

ஆஸ்திரேலியாவில் ஐயோனா நோவாக் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2013-இல் செரிப்ரல் பால்சி சிகிச்சைகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி, டிராஃபிக் விளக்கு மாதிரி பச்சை (பலன் உண்டு, செய்யலாம்), மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் காட்டினார்கள், 2020-இல் அதைப் புதுப்பித்தார்கள். இலக்கு வைத்துச் செய்யும் பயிற்சி, இரண்டு கைகளையும் சேர்த்து வேலை வாங்கும் பயிற்சி, நல்ல கைக்கு உறை போட்டு மற்றக் கையைப் பயன்படுத்த வைக்கும் முறை, வீட்டுப் பயிற்சித் திட்டம் எல்லாம் பச்சையில் இருக்கின்றன. குழந்தை சும்மா படுத்திருக்க, பெரியவர் கையையும் காலையும் அசைத்துவிடுகிற முறைகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அதற்காகக் கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டையோ காலுக்குக் கொடுத்த பிரேஸையோ நீங்களாகக் கழற்றி வைத்துவிடாதீர்கள், அது வேறு விஷயம்.

வீட்டில் செய்தால் போதுமா என்ற சந்தேகத்துக்கு அதே நோவாக் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல பதில். செரிப்ரல் பால்சி உள்ள 36 குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் பெற்றோர் தெரபிஸ்டோடு உட்கார்ந்து இலக்கை முடிவு செய்து, வீட்டிலேயே 8 வாரம் செய்ததில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோர் சராசரியாகச் செய்தது மாதத்துக்கு 17 முறை சொச்சம், ஒரு தடவைக்குப் பதினாறரை நிமிடம், அவ்வளவுதான். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியவில்லையே என்று குற்ற உணர்ச்சியில் இருக்கிற அம்மா அப்பாக்களிடம் இந்த எண்ணைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

சரி, பட்டன் எப்படி? கடைசிப் படியிலிருந்து ஆரம்பியுங்கள். பெரிய பட்டன், தளர்ந்த காஜா, அவள் கண்ணுக்கு நேராகத் தெரிகிற கீழ்ப் பட்டன். நீங்கள் பட்டனைக் காஜாவுக்குள் பாதி நுழைத்து வையுங்கள், மறுபக்கம் எட்டிப் பார்க்கிற அந்த விளிம்பைப் பிடித்து இழுப்பது மட்டும் அவள் வேலை. வலது கை அப்போது சும்மா இருக்கக் கூடாது, துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இறுக்கமாகப் பிடிக்க வராவிட்டால் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாலே போதும். இழுப்பது சுலபமாக வந்ததும் நுழைப்பதில் கொஞ்சத்தை அவளிடம் விடுங்கள், இப்படியே ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகலாம். இதில் என்ன லாபம் என்றால் ஒவ்வொரு தடவையும் வேலையை முடிப்பது அவள்தான். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கை கடைசியில். இது சின்ன விஷயம், ஆனால் காலையில் பாதி அழுகை குறையும்.

இரண்டு கை கேட்கிற வேலைகளை வீட்டிலேயே பொறுக்கி எடுங்கள். டப்பா மூடி திறப்பது, பையின் ஜிப் இழுப்பது, காகிதம் கிழிப்பது, பெரிய பந்தைத் தூக்கிப் போடுவது. நல்ல கையைக் கட்டுப்படுத்தும் முறையை மட்டும் தெரபிஸ்ட் திட்டம் போட்டுக் கொடுக்காமல் ஆரம்பிக்காதீர்கள், குழந்தை வெறுத்துப்போகும். அதே அளவு நேரம் இரண்டு கைப் பயிற்சி செய்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

காலுக்கு, ஸ்டூலில் இருந்து எழுந்து நிற்பது. பாதம் முழுதும் தரையில் படும் உயரம், குதிகால் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால். பொம்மையை அவளுக்கு முன்னால் தாழ்வாக நீட்டுங்கள், எட்டி எடுக்க உடம்பு முன்னால் சாய்ந்தால்தான் இடுப்பு எழும்பும். வலது காலிலும் எடை விழுகிறதா என்று பாருங்கள். சுலபமாகிவிட்டால் ஸ்டூலின் உயரத்தைக் குறையுங்கள். அப்புறம் படி ஏறுவது, பந்தை உதைப்பது, எது அவளுக்குப் பிடிக்கிறதோ அது.

நாளைக்கு எழுத்து பழகும்போதும் இதை நினைவில் வையுங்கள். கையெழுத்துப் பயிற்சிகள் பற்றி 2011-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், எழுத வைக்காத பயிற்சிகளும் 20 அமர்வுக்குக் குறைவானவையும் பலன் தரவில்லை என்று தெரிந்தது.

வலி என்று சொன்னாலோ, போன மாதம் செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி இந்த வாரம் அவளிடமே கேட்டு ஒரே ஒரு இலக்கை எடுங்கள், அவள் செய்வதை ஃபோனில் ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வையுங்கள், அடுத்த அமர்வில் தெரபிஸ்டிடம் அதைக் காட்டி, இதில் எந்த இடத்தில் தடுமாறுகிறாள், அதை எப்படி லேசாக்குவது என்று கேளுங்கள்.