யூதர்கள் அனுபவித்த கொடுமைகளை நினைவுகூரும் கலைப்படைப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் நுண்கலை மாணவர். இறுதியாண்டுப் படைப்புக்கு யூத இனப்படுகொலையை எடுத்திருக்கிறார். முள்வேலி, கோடு போட்ட கைதி உடை, எலும்பும் தோலுமான உடல்கள் என்று வரைந்து பார்த்தும் பார்ப்பவர்கள் மனதில் ஒன்றும் நிற்கவில்லையே, என்ன குறை என்று கேட்கிறார்.

நான் சிற்பம் படித்தவள், இப்போது பெர்லினில் இருக்கிறேன். குறை உங்கள் கையில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காட்சிகளை எல்லோரும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். தவிர, முகாம்களிலும் கெட்டோக்களிலும் (யூதர்களை அடைத்து வைத்த நகரப் பகுதிகள்) எடுக்கப்பட்ட படங்களில் கணிசமானவை கொன்றவர்களே எடுத்தவை. அவற்றை அப்படியே வரைந்தால் அவர்கள் பார்த்த கோணத்திலேயே நாமும் பார்க்கிறோம். அந்த மனிதர்கள் அதற்கு முன் தையற்காரராக, வயலின் ஆசிரியராக, கடன் வாங்கித் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரராக இருந்தது அதில் வராது. அதனால் சாவிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு காகிதத்திலிருந்து தொடங்குங்கள்.

நான் சொல்வது புரிய, பெர்லின் ஷோனபெர்க்கில் பவேரிய வட்டாரம் என்ற குடியிருப்புப் பகுதியைப் பாருங்கள். வசதியான யூதக் குடும்பங்கள் நிறைய இருந்த இடம். ஐன்ஸ்டைன் இங்கேதான் ஹாபர்லாண்ட் தெருவில் குடியிருந்தார். 1993-இல் ரெனாட்டா ஷ்டீ, ஃப்ரீடர் ஷ்னோக் என்ற இரு கலைஞர்கள் இங்குள்ள விளக்குக் கம்பங்களில் 80 பலகைகளை மாட்டினார்கள். ஒரு பக்கம் அரிச்சுவடிப் படம் போலப் பளிச்சென்று ஒரு ரொட்டி, ஒரு பூனை, ஒரு நீச்சல் உடை. மறுபக்கம் நாஜி அரசு போட்ட ஒரு சட்டமோ ஆணையோ, ஓரிரு வரியில், தேதியுடன்.

ரொட்டிப் படத்தின் பின்னால் இப்படி இருக்கிறது: பெர்லினில் யூதர்கள் மாலை நான்கு முதல் ஐந்து மணி வரை மட்டுமே உணவுப் பொருள் வாங்கலாம், 1940 ஜூலை 4. இன்னொன்றில், யூதர்களுக்கு முட்டை விற்கப்படாது. இன்னொன்றில், யூதர்கள் வீட்டில் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது. இரண்டுமே 1942. தொலைபேசி இணைப்பு துண்டிப்பு 1940. பாடகர் குழுக்களிலிருந்து நீக்கம் 1933-லேயே வந்துவிட்டது. சேர்ந்து பாடுவதில்கூட இடமில்லை என்று ஆட்சிக்கு வந்த அதே வருடத்தில் சொல்லிவிட்டார்கள். பலகைகள் தேதி வரிசையில் இல்லை, தெருவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. நடப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுக்கடுக்காக எப்படி ஒரு மனிதனின் அன்றாடத்தைக் கழற்றி எடுத்தார்கள் என்பது ஐந்தாறு கம்பங்களைத் தாண்டும்போது தானாகவே புரியத் தொடங்கும். எனக்கு மிகவும் கனமாக இருப்பது 1945 பிப்ரவரி 16 தேதியிட்ட ஆணை: யூத எதிர்ப்பு நடவடிக்கைகள் தொடர்பான கோப்புகளை எல்லாம் அழித்துவிட வேண்டும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் செய்த வேலை அது. அவர்கள் அழிக்க நினைத்த காகிதம்தான் இன்று கம்பத்தில் தொங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டிய கைவேலை ஒன்று உண்டு. வாசகங்கள் சுருக்கமானவை, பல இன்றைக்கே அமலில் இருப்பது போன்ற நடையில் எழுதப்பட்டவை. அதனாலேயே, திறப்பு விழாவுக்கு முன் மாட்டத் தொடங்கியபோது இது நிஜமான யூத வெறுப்புப் பிரசாரம் என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து சில பலகைகளைக் கழற்றியது. பிறகு, இது நினைவுச் சின்னத்தின் பகுதி என்று சொல்லும் சிறு பலகைகள் சேர்க்கப்பட்டன.

உங்கள் படைப்பு ஓவியமாகவே இருக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் எந்த ஊர், எந்த வருடம், எந்த ஆணை, எந்த வீடு என்று குறுக்கிக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் காசல் நகரத்தில் ஹோர்ஸ்ட் ஹோஹைசல் என்ற கலைஞர் செய்ததும் அதுதான். 1908-இல் அஷ்ரோட் என்ற யூதத் தொழிலதிபர் கொடையில் நகர மண்டபத்தின் முன் எழுந்த 12 மீட்டர் உயர நீரூற்றை, 'யூதர் நீரூற்று' என்று சொல்லி 1939-இல் நாஜிகள் இடித்தார்கள். ஹோஹைசல் அதை மறுபடி கட்டவில்லை. அதே வடிவத்தை 1987-இல் தலைகீழாகத் தரைக்குள் இறக்கினார். மேலே நிற்பவருக்குத் தண்ணீர் கீழே விழும் சத்தம் கேட்கும். இடிக்கப்பட்டதைத் திரும்பக் கட்டியிருந்தால் எதுவுமே நடக்காதது போல ஆகியிருக்கும். எனக்கு அவர் முடிவு மிகச் சரியென்றே படுகிறது.

அப்புறம், நல்ல எண்ணம் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மன் கலைஞர் குந்தர் டெம்னிக் நடைபாதைகளில் பதிக்கும் பித்தளை நினைவுக் கற்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 10 சென்டிமீட்டர் சதுரம், 'இங்கே வசித்தார்' என்று தொடங்கி, நாஜிகளால் பாதிக்கப்பட்ட ஒருவரின் பெயர். ஐரோப்பா முழுவதும் 1,00,000-க்கு மேல் பதித்தாகிவிட்டது. ஆனால் இனப்படுகொலையிலிருந்து தப்பியவரும் மியூனிக் யூத சமூகத்தின் தலைவருமான ஷார்லோட் க்னோப்லோக், அந்தப் பெயர்கள் மறுபடியும் காலில் மிதிபடுகின்றன என்று கடுமையாக எதிர்த்தார். மியூனிக் தன் பொது நடைபாதைகளில் அவற்றை அனுமதிப்பதில்லை. குனிந்து படிப்பதே ஒரு வணக்கம் என்பது மறுதரப்பு. நான் கற்களின் பக்கம்தான், ஆனாலும் அந்த எதிர்ப்பை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வராது.

படைப்புக்குப் பயன்படுத்தும் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்றும் விசாரியுங்கள். கொல்லப்பட்ட யூதர்களுக்காக பெர்லினில் உள்ள பெரிய நினைவிடத்தில் கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மன் வடிவமைத்த 2,711 கான்கிரீட் கட்டைகள் உள்ளன. அவற்றின்மீது கிறுக்கல் ஒட்டாமலிருக்கப் பூசிய திரவம் டெகுசா நிறுவனத்துடையது. முகாம்களில் யூதர்களைக் கொல்லப் பயன்பட்ட விஷவாயு ஸைக்ளோன் பி-யை விற்ற டெகெஷ் நிறுவனத்தில் டெகுசாவுக்குப் பங்கு இருந்தது. 2003-இல் இது பெரிய பிரச்சினையாகி வேலையே கொஞ்ச நாள் நின்றது. பிறகு அதே பூச்சுடன் தொடர்ந்தார்கள்.

சரி, இனி நீங்கள் செய்யக்கூடியது. இஸ்ரேலின் இனப்படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷேமின் பெயர்த் தொகுப்பும், நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக் காப்பகமும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பிறந்த ஊர், தொழில், கடைசி முகவரி, எந்த ரயிலில் எங்கே அனுப்பப்பட்டார் என்று கிடைப்பதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, வரைவதை அதற்குப் பிறகு தொடங்குங்கள். தெரியாத விவரங்களைக் கற்பனையால் நிரப்பாதீர்கள், அந்த இடம் ஓவியத்திலும் காலியாகவே இருக்கட்டும். வாரிசுகள் யாராவது இருப்பதாகத் தெரிந்தால், காட்சிக்கு வைப்பதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள்.