பெருவிரல் மூட்டுக்கு சின்னத் துளை ஆபரேஷன்: கூடுதல் பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. கால் பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்து, மேலே எலும்பு புடைத்து நிற்கிறது, செருப்பு வார் பட்டாலே வலி. ஒரு மருத்துவமனையில் "பெரிய கீறல் வேண்டாம், சின்னத் துளை போதும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். ஆனால் பேக்கேஜ் தொகை சாதாரண ஆபரேஷனைவிட அதிகம். கட்டலாமா?

பதில்: துளை எவ்வளவு சின்னது என்பதை விடுங்கள், உள்ளே என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டீர்களா? அதே துளை வழியாகப் புடைத்த எலும்பை மட்டும் ராவி எடுக்கலாம், மூட்டையே ஸ்க்ரூ போட்டு இணைத்தும் விடலாம். ராவினால் விரல் மடங்கும், ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வராது. இணைத்தால் வலி பெரும்பாலும் போய்விடும், ஆனால் அந்த மூட்டு இனி மடங்கவே மடங்காது, குந்தி உட்காருகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். விரலை மேலே வளைக்கும்போது கடைசியில் மட்டும் வலித்தால் ராவுவது உதவும். பாதி வளைக்கும்போதே வலித்து, நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளியும் போயிருந்தால் அது பெரிதாக உதவாது.

அப்புறம், இது லேசர் இல்லை, யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். எலும்பை ராவும், சுழலும் சின்ன முனையுள்ள கருவியை (பர்) உள்ளே விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ராவுகிறார்கள். தழும்பு சிறியதுதான், ஆனால் எலும்புத் தூளைச் சரியாகக் கழுவி எடுக்காவிட்டால் உள்ளேயே தங்கித் தொல்லை தரும், பக்கத்தில் ஓடும் தோல் நரம்பில் பட்டால் விரல் மரத்துப்போகும். வீக்கம் வடிய மாதக்கணக்கில் ஆகலாம். அன்றைக்கே வீட்டுக்குப் போவது கீறிச் செய்யும் முறையிலும் பலருக்கு நடப்பதுதான், அதற்காகத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. எனவே இதே துளை முறையில் அந்த டாக்டர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், எத்தனை பேருக்கு மறுபடி செய்ய வேண்டி வந்தது என்று கேளுங்கள், மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

"செயற்கைக் குருத்தெலும்பு வைக்கலாம்" என்று பேச்சு வந்தால் இன்னும் ஜாக்கிரதை. கார்ட்டிவா என்ற ஜெல் போன்ற பொருளுக்கு அமெரிக்காவில் 2016ல் அனுமதி கிடைத்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டதால் 2024 அக்டோபரில் தயாரித்த நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

பணம் கட்டும் முன் ஸ்க்ரூ, எக்ஸ்ரே கருவி, மயக்க மருந்து எல்லாம் பேக்கேஜில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் பாலிசி புதியது என்றால் மூட்டுத் தேய்மானத்துக்குக் காத்திருப்புக் காலம் இருக்கலாம், அதையும் பாருங்கள். அடிப்பாகம் வளையாத, முன்பக்கம் லேசாக மேலே தூக்கிய ஷூவைச் சில மாதம் போட்டுப் பார்த்தீர்களா? இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.