குளிர் தரையிலிருந்து வருகிறது

கேள்வி: மான்செஸ்டரில் எம்.எஸ்சி. படிக்கிறேன். செப்டம்பர் இரண்டாம் வாரம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, நண்பர்கள் ஐந்து பேராகப் பக்கத்து மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்ட் போய் இரண்டு இரவு டென்ட் போட்டுத் தங்கலாம் என்றிருக்கிறோம். யாருக்கும் முன் அனுபவம் இல்லை. போன வருடம் போன சீனியர்கள் குளிர் தாங்காமல் பாதி ராத்திரியில் எழுந்து, விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார்களாம். கையில் இருக்கும் பணத்துக்கு எதை வாங்குவது, எதை விடுவது? மலைமேல் எங்கு வேண்டுமானாலும் டென்ட் போடலாமா?

பதில்: உங்கள் சீனியர்கள் எங்கே கோட்டை விட்டிருப்பார்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. நல்ல டென்ட் வாங்கியிருப்பார்கள், தடியான ஸ்லீப்பிங் பேக்கும் வாங்கியிருப்பார்கள். கீழே விரிக்க மட்டும் ஒரு போர்வையோ யோகா மேட்டோ போதும் என்று நினைத்திருப்பார்கள். முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஸ்லீப்பிங் பேக்கைத் தரையில் விரித்து உள்ளே படுத்துக்கொண்டு, முதுகுக்குக் கீழே கையை விடுங்கள். மேலே நான்கு விரற்கடை உப்பி நிற்கிற பஞ்சு, கீழே உங்கள் எடையில் தோசை மாதிரித் தட்டையாகிக் கிடக்கும். கதகதப்பைத் தருவது பஞ்சுக்குள் தங்கும் காற்று. அது நசுங்கிப் போனால் முதுகுக்கும் ஈர மண்ணுக்கும் நடுவில் வெறும் துணிதான் மிச்சம். ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போட்டாலும் நடுக்கம் நிற்காது.

அதனால் முதல் செலவு மேட். அட்டையில் 'ஆர்-வேல்யூ' என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூடக் குளிரைத் தடுக்கும் திறன் கூடும். செப்டம்பருக்கு 3 இருந்தால் நிம்மதி. சும்மா காற்றடிக்கிற தடித்த மெத்தையைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே காற்று சுழன்று சுழன்று சூட்டைக் கீழே கொண்டுபோய்விடும். பணம் இல்லையென்றால் சாதாரண ஃபோம் மேட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள், போதும். ஸ்லீப்பிங் பேக்கில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்' என்று இரண்டு வெப்பநிலை போட்டிருப்பார்கள். கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். அந்தப் பள்ளத்தாக்குகளில் செப்டம்பர் இரவு 5 டிகிரிக்கு இறங்கினால் ஆச்சரியமில்லை, அதனால் கம்ஃபர்ட் 0 முதல் 5 வரை இருக்கட்டும். வாங்குவதற்கு முன் பல்கலைக்கழக மலையேற்றக் குழுவில் இரவல் கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பகலில் போட்ட உடையோடு படுக்காதீர்கள். வியர்வை ஊறிய பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் காயவே காயாது. தூங்குவதற்கென்று ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் ஒரு காய்ந்த சட்டையும் தனியாக, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

சரி, எங்கே போடுவது? இங்கிலாந்தில் நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் டென்ட் போட முடியாது. விதிவிலக்கு, தெற்கே டார்ட்மூரின் சில பகுதிகள். அந்த உரிமையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஸ்காட்லாந்தின் சட்டம் இதைவிடத் தளர்வானது, அதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் குழம்புகிறார்கள். பீக் டிஸ்ட்ரிக்ட்டின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நடக்கும் உரிமை கேட்டு 1932-ல் மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். திறந்த மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமை 2000-ல்தான் சட்டமானது. ஆனால் அதிலும் இரவு தங்கும் உரிமை சேரவில்லை.

நீங்கள் பீக் டிஸ்ட்ரிக்ட்டில் இருக்கும் ஈடேல் கிராமத்துக்குப் போங்கள். மான்செஸ்டர் பிக்கடில்லியிலிருந்து முக்கால் மணி நேர ரயில் பயணம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்து ஏறுங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்திலேயே பண்ணைகளை ஒட்டிய கேம்ப்சைட்டுகள் உண்டு. குழாய்த் தண்ணீர், கழிப்பறை எல்லாம் இருக்கும். வார இறுதிக்கு முன்பதிவு அவசியம்.

ஐந்து பேருக்கு மூன்று பேர் டென்ட் இரண்டு எடுங்கள். நான்கு பேர் டென்ட் என்றால் நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று அர்த்தம், பைகளுக்கு இடமிருக்காது. வயலின் தாழ்ந்த மூலையை விட்டுவிடுங்கள். ராத்திரியில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும், மழைநீரும் அங்கேதான் வரும். காலையில் உள்பக்கத் துணியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் டென்ட் ஒழுகுகிறது என்று பயப்படாதீர்கள். அது உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை மூடினால் இன்னும் மோசமாகும்.

இனி சொல்வதை ஐந்து பேரும் படியுங்கள். கேஸ் அடுப்பையோ பார்பிக்யூவையோ எந்தக் காரணத்துக்காகவும் டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். மழை கொட்டினாலும் கூடாது, வாசல் மறைப்புக்குள்ளும் கூடாது. தீ அணைந்த கரிகூட மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. 'கரி அணைந்துவிட்டதே, சூட்டுக்கு உள்ளே வைப்போம்' என்று வைத்து, காலையில் எழாமலே போனவர்கள் இங்கிலாந்தில் உண்டு. யாருக்காவது தலைவலி வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து அவசர உதவி எண் 999-ஐக் கூப்பிடுங்கள். மேட்டு நிலத்தில் பார்பிக்யூ வேண்டவே வேண்டாம். அங்கே இருப்பது பீட் எனும் கரிமண், தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும்.

சாப்பாட்டுக்குப் பெரிதாகத் திட்டம் வேண்டாம். முதல் இரவுக்குக் கட்டுச்சோறாகப் புளியோதரை. அப்புறம் ரொட்டி, முட்டை, நூடுல்ஸ். படுக்கும்முன் கொதித்து ஆறிய சுடுநீரைக் கசியாத உலோக பாட்டிலில் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்துக் கால்மாட்டில் வையுங்கள். வெகுநேரம் கதகதப்பு இருக்கும்.

சனிக்கிழமை நடக்கப் போகும்போது கேட்டுகளைத் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்லுங்கள். கன்றோடு நிற்கும் மாடுகளைச் சுற்றிப் போங்கள். ஏழரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஆளுக்கொரு தலைவிளக்கு வேண்டும். மலையில் யாருக்காவது அடிபட்டால் 999-ல் முதலில் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். செடிகொடிகளில் உரசி நடந்தால் மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். பின்னர் அந்த இடத்தில் வட்டமாகத் தடிப்பு வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டென்ட்டை ஈரத்தோடுதான் சுருட்ட வேண்டியிருக்கும். அறைக்கு வந்ததும் தூக்கம் எவ்வளவு வந்தாலும், பையிலிருந்து எடுத்துக் கதவுமேல் விரித்துப் போட்டுவிட்டுப் படுங்கள். இரவல் டென்ட் என்றால் பூஞ்சை பிடித்துத் திருப்பிக் கொடுக்க முடியாது.