கொப்போடு வந்த பாலைப்பழம்

அன்புள்ள ஐயா,

ஆனிக் கடைசியில் பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்தோம். மாங்குளம் தாண்டி ஏ9 வீதியோரம் பாலைப்பழம் விற்றார்கள். இலையும் கொப்புமாகக் கட்டி வைத்திருந்தது பார்க்கவே ஆசையாக இருந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு வாயில் வைத்தேன், கண் கலங்கிவிட்டது. கனடாவில் மகளின் பள்ளிக்கூடத்தில் வெப்பமண்டல மழைக்காட்டு மரம் ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பாலையை எழுதலாமா? பாலை என்றால் வறண்ட நிலமல்லவா, பச்சை மரத்துக்கு ஏன் அந்தப் பெயர்? படம் இணைத்திருக்கிறேன்.

சுகந்தி

அன்புள்ள சுகந்தி,

எழுதக்கூடாது. மழைக்காடு வேண்டுமென்றால் தென்மேற்கே சிங்கராஜ வனத்துக்குப் போக வேண்டும், அங்கே வருடத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். மாங்குளம் இருக்கிற வன்னியில் மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். பிறகு தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் குளம் வெடித்துக் கிடக்கும்போதும் இலை உதிர்க்காமல் நிற்கிற உலர்வலய மரம் பாலை. பெயர்க் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, கொத்தினால் பால் வடியும். திணை விவகாரத்தைத் தமிழ் வாத்தியாரிடம் கேளுங்கள்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். நான் இரண்டு நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இலை நுனியில் சின்ன வெட்டுப்போல ஒரு பள்ளம், கொப்பின் முனையில் நெருங்கிய இலைகள், நடுவே மஞ்சள் பழம். சந்தேகமில்லை, பாலைதான். ஆனால் அந்தக் கொப்பின் அடி கத்தியால் வெட்டியது. உங்கள் கையில் இருப்பது பெருவிரல் தடிப்பு. பழத்துக்காக மரத்தையே மொட்டையடித்திருக்கிறார்கள், நீங்கள் அதைக் காசு கொடுத்து வாங்கி, அழுது, படமும் எடுத்திருக்கிறீர்கள்.

கோபிக்காதீர்கள். விற்கிற பொடியனையும் நான் குறை சொல்லவில்லை, அவனுக்கு வயிறு இருக்கிறது. ஆனால் 'கொப்போடு இருந்தால்தான் புதுசு' என்று கேட்டு வாங்குகிறவர்கள் நீங்களும் நானும்தான். படத்தை இன்னொருதரம் பாருங்கள், பாதிக்கு மேல் முற்றாத காய். அது இனிப் பழுக்காது. பால் நிறைந்து துவர்த்துக் கிடக்கும், குப்பையில்தான் போகும்.

சின்ன வயதில் ஒட்டுசுட்டானில் அம்மம்மா விடிய முன்னம் எழுப்பிவிடுவா. கடகமும் இரண்டு சாக்கும். சாக்கை மரத்தடியில் விரித்துவிட்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மேலே மந்திகள் தின்னும், பாதியைக் கீழே போடும். விழுந்ததைப் பொறுக்குவோம். கரடி வந்து போன தடம் கண்டால் அன்றைக்கு மரத்தை மாற்றுவோம். வீட்டில் பழத்தைக் காய்ச்சிப் பாணி எடுப்பா. உதடு ஒட்டிக்கொள்ளும், நல்லெண்ணெய் பூசித் துடைப்பா.

பத்து வயதில் எனக்குப் பொறுமை கெட்டு ஒரு கொப்பைத் தறித்தேன். அப்பு அடிக்கவில்லை. தறித்த இடத்தில் சொட்டிய பாலை விரலில் தொட்டு என் கன்னத்தில் பூசிவிட்டுப் போய்விட்டார். அது காய்ந்து இழுத்தது இப்போதும் நினைவிருக்கிறது. அந்த மரம் இன்னும் நிற்கிறது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது மர ஆலைக்காரன் ஒருவன் வந்து பார்த்தான். உள்ளே துப்பாக்கிச் சன்னம் கிடக்கும், வாள் முறிந்துவிடும் என்று விட்டுவிட்டுப் போனான். என் கொப்பு போன இடத்தில் ஒரு முண்டு இருக்கிறது. ஐம்பது வருடத்தில் மரம் மொத்தித்தது கொஞ்சம்தான், பாலை அவ்வளவு மெதுவாக வளரும். அதனால்தான் அந்த வைரம். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் கல்லுப்போலத் தாழும்.

மகளின் கேள்வியை மறந்தேபோனேன். வாத்தியார் சம்மதித்தால் உலர்வலய மரம் என்று தலைப்பை மாற்றி எழுதட்டும். தாவரவியல் பெயர் மணில்காரா ஹெக்சாண்ட்ரா, பூவில் ஆறு மகரந்தக் கேசரம் என்பதால் அந்தப் பெயர். சப்போட்டாவின் குடும்பம், இலுப்பையும் அதே குடும்பம். இந்தியாவில் சப்போட்டாவை ஒட்டுவதே பாலைக் கன்றின் மேல்தான். ஆனால் அந்தப் படத்தை ஒட்ட வேண்டாம்.

அடுத்த ஆனிக்கு நேரே எங்கள் வளவுக்கு வாருங்கள். சாக்கு நான் தருகிறேன். நல்லெண்ணெய் நீங்கள் கொண்டு வாருங்கள்.